இருபதில் அடங்காதவர்

யானாக்கியின் பெயர் சுவரில் இல்லை.

மேலிருந்து கீழே பார்த்தார். கீழிருந்து மேலே பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி, மேலங்கியின் ஓரத்தில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். ஸ்லிவென் நகரத்துக் குணநீர் வாரியத்தின் நடைக்கூடச் சுவர் நெடுகத் தாள்கள் ஒட்டியிருந்தன. தாளுக்கு இருபது பெயர். தாளுக்கொரு வட்ட முத்திரை. பெயர் கிடைத்தவர்கள் அதை விரலால் தொட்டு உறுதி செய்துகொண்டு, வெளியே ஓடிப் போய் யாருக்கோ போன் செய்தார்கள்.

கடைசித் தாளின் கடைசிப் பெயர் யூலியா. அதற்குப் பிறகு முத்திரை. முத்திரைக்குப் பிறகு வெறும் சுவர்.

எங்கள் ஊரில் பட்டியல் என்றால் முதற்பெயரின் அகரவரிசைதான். எங்கள் அரிச்சுவடியில் 'யா' கடைசி எழுத்து. பள்ளிக்கூடத்தில் அம்மை ஊசி, பட்டாளத்தில் பூட்ஸ், ஆலையில் புத்தாண்டுக் கோழி, எதுவாக இருந்தாலும் யானாக்கி ஸ்தமாதொவ் வரிசையின் வாலில் நின்றே வாங்கியவர். கடைசியில் வருவது அவருக்குப் பழக்கம். வராமலே போனது இதுதான் முதல் தடவை.

டாக்டர் எழுதிக் கொடுத்த காகிதத்தில் முட்டிவலி என்று இருந்தது. முட்டி வலித்தது உண்மைதான். ஆனால் அவர் மனு போட்டது முட்டிக்காக இல்லை.

மனைவி கீனா போய் இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. கறுப்புக் கரை போட்ட அவளுடைய இரங்கல் தாள் இன்னும் வாசல் கதவில் இருக்கிறது. காற்று கிழிக்கக் கிழிக்கப் புதுத் தாள் ஒட்டுவார். அதற்குப் பிறகு அவர் சாப்பிட்ட சாப்பாடெல்லாம் தொலைக்காட்சியின் எதிரில்தான். அவர் பெயர் கொண்ட புனிதரின் நாளான பெயர்த் திருநாளன்று, வழக்கப்படி அழையாமலே வரப்போகிறவர்களுக்காக மேசை நிறையப் பலகாரம் வைத்துக் காத்திருந்தார். வந்தது தண்ணீர் மீட்டர் பார்ப்பவன் மட்டும். நின்றபடியே, பாலாடைக் கட்டி வைத்துச் சுட்ட பணித்சாவில் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, அளவைக் குறித்துக்கொண்டு போய்விட்டான்.

வாரியம் வசந்தகாலத்தில் ஓய்வூதியக்காரர்களை தோப்லி இஸ்வொர் குணநீர் விடுதிக்கு அனுப்பும். பத்து நாள். பூமிக்கடியிலிருந்து வரும் வெந்நீர், களிமண் பூச்சு, மூன்று வேளைச் சாப்பாடு. சாப்பாட்டுக் கூடத்தில் மேசைக்கு நான்கு பேர். யானாக்கிக்கு வேண்டியது அந்த மேசை. எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்க்க வேண்டும். சூப் ஆறிவிட்டது என்று யாராவது புலம்ப வேண்டும். அவ்வளவுதான்.

அவ்வளவும் இப்போது சுவரில் இல்லை.

*

கவுண்டர் கண்ணாடியில் 'முதன்மைப் பிரிப்பு நிபுணர்' என்று எழுதியிருந்தது. உள்ளே வெனெத்தா. கழுத்தில் கம்பளிச் சால்வை, காலடியில் மின்சார ஹீட்டர். அவர் பெயரைக் கேட்டாள், மவுஸை உருட்டினாள், திரையைப் பார்த்தாள்.

"நீங்க மிச்சம்," என்றாள்.

புரியவில்லை என்றார் யானாக்கி.

வெனெத்தா கெட்டவள் இல்லை. பொறுமையாக விளக்கினாள். வாரியம் ஆட்களைக் கட்டுக் கட்டாகத்தான் அனுப்பும். போன வருஷம் ஒரு கட்டுக்கு இருபத்திரண்டு பேர், இன்னொரு கட்டுக்குப் பதினெட்டுப் பேர் போயிருக்கிறார்கள். பதினெட்டுப் பேர் கட்டுக்குள் ஆளுக்குக் கொஞ்சம் கூடுதலாக ப்ளம் பழரசம் கிடைத்திருக்கிறது. பத்திரிகையில் வந்துவிட்டது. தலைநகரத்திலிருந்து சமத்துவ ஆணை பறந்து வந்தது. இனி எந்தப் பட்டியலாக இருந்தாலும் சரிசமமான கட்டுகளாகத்தான் பிரிக்க வேண்டும். கட்டுக்கு இருபது. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. மேலிடத்துக் கணினி இருபது பெயரை, நடுவே கமா போட்டு, ஒரே மூச்சில் ஒட்டினால்தான் வாங்கிக்கொள்ளும். பத்தொன்பதை ஒட்டினால் சிவப்பாகிவிடும்.

தலைநகரம் ஒரே நீளமாகப் பட்டியல் அனுப்பிவைக்கும். பெயர், கமா, பெயர், கமா என்று பக்கம் பக்கமாக, மூச்சு விடாமல் ஓடும் பட்டியல். அதை வெட்டுவதற்குத்தான் இந்த இலாகா. ஆரம்பத்தில் வெனெத்தா திரையில் பென்சிலை வைத்து ஒவ்வொரு கமாவாக எண்ணி, இருபதுக்கு ஒரு தடவை என்டர் தட்டினாள். யாராவது நடுவில் வந்து வணக்கம் சொன்னால் முதலிலிருந்து எண்ண வேண்டும். அதனால் அந்தக் கட்டடத்தில் வணக்கம் சொல்வது தடை செய்யப்பட்டது. சுற்றறிக்கை இன்னும் சுவரில் இருக்கிறது.

பிறகு ஊழியர்களையெல்லாம் கடற்கரை ஓட்டல் ஒன்றுக்கு அழைத்துப் போய்ப் பயிற்சி கொடுத்தார்கள். கடிதம் அடிக்கிற செயலியில் கமா வருகிற இடமெல்லாம் வரி முறியும்படி ஒரே சொடுக்கில் மாற்றிவிட வேண்டும். பெயருக்கு ஒரு வரி ஆகிவிடும். பக்கத்தின் உயரத்தை இருபது வரி மட்டும் கொள்ளும்படி குறைக்க வேண்டும். பக்கத்துக்கு ஒரு கட்டு. தானாகவே வெட்டுப்படும். இந்த ஒரு விஷயத்துக்கு ஒரு வாரம் பயிற்சி, வறுத்த மீன், சான்றிதழ். சான்றிதழ் அவள் தலைக்கு மேலே சட்டத்துக்குள் தொங்கியது.

"இதோ நீங்க," என்று திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

கடைசிப் பக்கம். வெள்ளைத் தாள். உச்சியில் ஒரே ஒரு வரி: யானாக்கி ஸ்தமாதொவ். கீழே ஒன்றுமே இல்லை. பெயருக்குப் பின்னால் கர்சர் மட்டும் விட்டு விட்டு மினுக்கியது.

யானாக்கி அதை வெகுநேரம் பார்த்தார். அவருடைய வீட்டை யாரோ மேலேயிருந்து படம் எடுத்த மாதிரி இருந்தது.

இவ்வளவு இடம் இருக்கிறதே என்றார். இடம் இருக்கிறது, ஆள் இல்லை என்றாள் அவள். பாதிக்கு மேல் காலியாக உள்ள பக்கத்தை அச்சடிக்கக் கூடாது என்று காகிதச் சிக்கன ஆணை வேறு இருக்கிறதாம். அதனால்தான் சுவருக்கு வரவில்லை.

அதற்குள் மணி பன்னிரண்டு. வெனெத்தா கவுண்டர் திரையை இழுத்து மூடினாள். யானாக்கி நடைக்கூட பெஞ்சில் உட்கார்ந்து, கொண்டுவந்த ரொட்டியையும் பாலாடைக் கட்டியையும் பிரித்தார். திரைக்கு அந்தப் பக்கம் காகிதம் சரசரத்தது. கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர் தனித்தனியாக மென்றுகொண்டிருந்தார்கள்.

*

இயக்குநர் பந்தலெய் குர்கொவின் அறையில் நாட்டிலுள்ள ஊற்றுகளின் தண்ணீரெல்லாம் சீசாக்களில் வரிசையாக நின்றது. யானாக்கி தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, தன்னை ஏதாவது ஒரு கட்டுக்குள் இருபத்தோராவது ஆளாகச் செருகிவிட முடியுமா என்று கேட்டார். முக்காலி போதும் என்றார். கரண்டியைக்கூட வீட்டிலிருந்து கொண்டுவந்து விடுகிறேன் என்றார்.

இயக்குநர் வேதனைப்பட்டார். நாற்காலியிலிருந்து எழுந்தார். அவர் எழுந்தால் பேசப் போகிறார் என்று அர்த்தம்.

"சமத்துவம்னா என்ன, பெரியவரே? எல்லாருக்கும் குடுக்கறதா? அது பலவீனம். குடுக்கறவங்களுக்கு ஒரே மாதிரி குடுக்கணும். குடுக்காதவங்களுக்கு ஒரே மாதிரி குடுக்காம இருக்கணும். உங்கள விட்டுட்டோம்னு வருத்தப்படறீங்க. நான் அடிச்சுச் சொல்றேன், மிச்சம் விழுந்த அத்தனை பேரையும் பாரபட்சம் இல்லாம ஒரே மாதிரிதான் விட்டிருக்கோம்."

"எத்தனை பேருங்க?"

"நீங்க ஒருத்தர்தான்."

இருந்தாலும் வாரியம் கருணை இல்லாத அமைப்பு அல்ல. மிச்சங்களுக்கும் ஒரு பட்டியல் உண்டு. அதில் இருபது சேர்ந்தால் அதுவும் ஒரு கட்டு. யானாக்கி ஏற்கெனவே அதில் முதலிடத்தில் இருக்கிறார். இந்தச் செய்தியை இயக்குநர் கைகுலுக்கித் தெரிவித்தார். இன்னும் பத்தொன்பது பேரைக் கூட்டி வந்துவிட்டால் போதும். முட்டிவலியுள்ள, டாக்டர் காகிதமுள்ள, வேறெங்கும் பெயர் இல்லாத பத்தொன்பது பேர்.

வாழ்க்கையில் முதல் தடவையாக யானாக்கி ஒரு பட்டியலின் தலையில் இருந்தார். வாசலுக்கு வந்ததும்தான் அதன் வாலும் தானே என்பது உறைத்தது.

*

பத்தொன்பது பேர். நெசவாலையில் ஒரு ஷிப்டுக்கு இருநூறு பேரோடு வேலை பார்த்த மனிதருக்கு அது கஷ்டமா என்ன?

கீனா எழுதி வைத்திருந்த எண்களைப் பார்த்துப் போன் போட ஆரம்பித்தார். முதல் எண் உபயோகத்தில் இல்லை. இரண்டாவது எண்ணில் ஒரு பெண் அது பல் ஆஸ்பத்திரி என்றாள். மூன்றாவதில் ஒரு பையன் ஜெர்மன் மொழியில் ஏதோ கேட்டான். தறி மெக்கானிக் கோலியோ மட்டும் எடுத்தான். ஸ்பெயினில் மகளோடு இருக்கிறானாம். யானாக்கி விஷயத்தைச் சொன்னார். கோலியோ சிரித்தான்.

"அடேய், இங்க குழாயத் தொறந்தாலே வெந்நீர் வருதுடா. அதுக்கு எதுக்கு நான் அங்க வரணும்? நீ கிளம்பி இங்க வா."

வருகிறேன் என்றார் யானாக்கி. சரி வா என்றான் கோலியோ. அது நடக்காது என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. பிறகு கோலியோவின் பக்கம் யாரோ சாப்பிடக் கூப்பிட்டார்கள். பாத்திரங்கள் உரசும் சத்தம் கேட்டது. பல பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். யானாக்கி போனைக் காதிலிருந்து எடுக்காமல், கோலியோ அணைக்கிற வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் ரொட்டிக் கடைக்குப் போகிற வழியில், மின்கம்பத்தில் புதிதாக ஒட்டிய ஒரு கறுப்புக் கரைத் தாள் அவரை நிறுத்தியது.

லாம்போ துங்கொவ். கொல்லர். அன்பான கணவர். அடக்கம் நாளை.

இந்தப் பெயரை எங்கேயோ பார்த்தோமே? எங்கே?

சுவரில். ஏழாவது தாளில்.

அப்படியானால் ஓர் இடம் காலி என்று யானாக்கி சந்தோஷப்பட்டார். உடனே வெட்கப்பட்டார். தொப்பியைக் கழற்றினார். லாம்போவின் ஆத்மாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். பிறகு, முட்டிவலியையும் பொருட்படுத்தாமல், வாரியத்தை நோக்கி நடந்தார். ஓடினார் என்றும் சொல்லலாம்.

வெனெத்தா காகிதத்தில் போட்டுப் பார்த்தாள். லாம்போ போனால் ஏழாம் கட்டில் பத்தொன்பது. பத்தொன்பது கட்டே அல்ல. ஆகவே ஏழாம் கட்டு கலைகிறது. கலைந்த பத்தொன்பது பேரும் மிச்சப் பட்டியலுக்கு வருகிறார்கள். அங்கே ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார். பத்தொன்பதும் ஒன்றும்...

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வாரியத்தின் வரலாற்றில் ஆணைகள் ஒன்றோடொன்று மோதி ஒரு மனிதனுக்கு நன்மை விளையப் போவது அதுவே முதல் தடவை.

இயக்குநர் விடுவாரா?

கலைந்துபோன பத்தொன்பது பேரும் 'ஒரு காலத்தில் முழுமையாக இருந்தவர்கள்' என்று அவர் தீர்ப்பளித்தார். யானாக்கியோ பிறவி மிச்சம். இரண்டு இனங்களையும் கலக்க முடியாது. தவிர, அந்தப் பத்தொன்பதில் ஒருவர் மேயரின் மாமனார். சாயங்காலத்துக்குள் மேலேயிருந்து போன் வந்துவிட்டது. மாமனார் கலையக் கூடாது.

எனவே லாம்போ துங்கொவ் உயிர்ப்பிக்கப்பட்டார்.

இறப்புச் சான்றிதழ் வாரியத்துக்கு முறைப்படி வந்து சேரவில்லை என்று ஒரு குறிப்பு எழுதப்பட்டது. மின்கம்பத்தில் ஒட்டியிருப்பது குடும்பத்தின் தனிப்பட்ட கருத்து. வாரியத்தைப் பொறுத்தவரை லாம்போவுக்கு முட்டிவலி இருக்கிறது. அவருக்கு இடம் உண்டு. கட்டு ஏழு முழுமை.

அடக்கம் நடந்தது. யானாக்கியும் போயிருந்தார். முன்பின் தெரியாதவர்தான். ஆனால் அடக்கத்துக்குப் பிறகு மேசை போட்டு எல்லோருக்கும் சாப்பாடு இருந்தது.

*

மறுநாள் வெனெத்தா தானே அவருக்குப் போன் செய்து வரச் சொன்னாள். திரையை இழுத்துவிட்டுத் தாழ்ந்த குரலில் பேசினாள். லாம்போ விஷயத்தில் ஒரு முன்னுதாரணம் பிறந்துவிட்டதாம். கட்டுக்குள் பெயர் இருந்தால் போதும், ஆள் இருக்க வேண்டியதில்லை. ஆகவே கடைசிப் பக்கத்தில் இன்னும் பத்தொன்பது பெயரை அடித்து நிரப்பிவிட்டால் என்ன?

யார் பெயரை என்றார் யானாக்கி பயந்துபோய்.

"வேற ஆள் பேரப் போட்டா அது போர்ஜரி, பெரியவரே. உள்ள தூக்கி வெச்சிருவாங்க. உங்க பேரையே போட்டா வெறும் தட்டச்சுத் தவறு."

சொல்லிக்கொண்டே அவருடைய வரியைத் தேர்ந்தெடுத்து நகலெடுத்தாள். ஒட்டினாள். ஒட்டினாள். ஒட்டிக்கொண்டே போனாள். யானாக்கி ஸ்தமாதொவ், யானாக்கி ஸ்தமாதொவ், யானாக்கி ஸ்தமாதொவ். வெள்ளைத் தாள் மேலிருந்து கீழே நிரம்பியது. மினுக்கிக்கொண்டிருந்த கர்சர் அடிவரிக்குப் போய் இடித்துக்கொண்டு நின்றது. வரி முறிவுகளை மறுபடி கமாவாக மாற்றி மேலிடத்துக் கணினியில் ஒட்டினாள். பச்சை. கடற்கரைப் பயிற்சிக்குப் பிறகு அவள் சந்தோஷமாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

இயக்குநரின் கையெழுத்து பாக்கி. அவர் தாளை வாங்கி, விரலை வரி வரியாக இறக்கி, இருபதில் நிறுத்தி, தலையசைத்துக் கையெழுத்துப் போட்டார். பெயரையெல்லாம் பார்த்தீர்களா என்று வாய்தவறிக் கேட்டுவிட்டாள் வெனெத்தா.

"வாசிக்கறது என் வேலை இல்லம்மா. நான் எண்ணுறவன். வாசிச்சா பாரபட்சம் வந்துடும்."

*

தோப்லி இஸ்வொர் விடுதி வாசலில் தோன்கா என்ற நர்ஸ் பட்டியல் அட்டையும் கையுமாக நின்றாள். கடைசிக் கட்டு வந்துவிட்டதா என்றாள். வந்துவிட்டது என்றார் யானாக்கி. அவள் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். அட்டையைப் பார்த்தாள். முத்திரையைப் பார்த்தாள். முத்திரை சரியாக இருந்தது. எனவே மேற்கொண்டு அவள் எதையும் பார்க்கவில்லை.

இருபது கட்டில் போட்ட கூடம் ஒன்று அவருக்கு ஒதுக்கப்பட்டது. இருபது துண்டு, இருபது ஜோடி ரப்பர்ச் செருப்பு. கட்டில் சண்டை வரக்கூடாது என்பதால் எந்தக் கட்டில் யாருக்கு என்று பெயர் எழுதி ஒட்டியிருந்தார்கள்.

காலையில் பெயர் கூப்பிடும் சடங்கு.

"யானாக்கி ஸ்தமாதொவ்?"

"இருக்கேன்."

"யானாக்கி ஸ்தமாதொவ்?"

"இருக்கேன்."

இருபது தடவை. முதல் நாள் ஒரே குரலில் சொன்னார். மறுநாள் அலுப்பாக இருந்ததால் ஆறாவது ஆளுக்குக் கரகரத்த குரலும், பதினோராவது ஆளுக்குத் தூக்கக் குரலும் கொடுத்தார். அதற்கடுத்த நாள் ஆறாவது ஆளை நர்ஸ் தோன்கா தனியாகக் கண்டித்தாள். புகை பிடிப்பதைக் குறைக்கச் சொன்னாள்.

விதிப்படி கட்டுத் தலைவர் தேர்தலும் நடந்தது. ரகசிய வாக்கெடுப்பு. யானாக்கி திரைமறைவுக்குள் இருபது தடவை போய் வந்தார். பத்தொன்பது ஓட்டு ஆதரவு, ஒன்று எதிர்ப்பு. ஊரே ஒரே பக்கம் ஓட்டுப் போட்ட காலத்தை அவர் பார்த்திருந்தார். அந்தச் சங்கடம் வேண்டாம் என்று ஒன்றை மாற்றிப் போட்டார்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். சாப்பாட்டைத்தான் பொறுக்க முடியவில்லை.

சாப்பாட்டுக் கூடம் ஒன்றுதான். கட்டுகள் ஒன்றன் பின் ஒன்றாகத்தான் உள்ளே போக வேண்டும். கடைசிக் கட்டுக்குக் கடைசி முறை. கதவுக்கு வெளியே நின்று யானாக்கி மற்றவர்களின் இரைச்சலைக் கேட்பார். யாரோ ஒருவர் மருமகளைத் திட்டுவார். யாரோ மேசையைத் தட்டிச் சிரிப்பார். ரொட்டிக் கூடை சண்டையோடு கைமாறும். பிறகு அவர்கள் வெளியே வருவார்கள். கதவு திறக்கும். உள்ளே ஐந்து மேசை, மேசைக்கு நான்கு தட்டு, இருபது தட்டிலும் அவரைக்கொட்டைச் சூப் ஆவி பறக்கும். யானாக்கி உள்ளே போய் உட்காருவார். கரண்டி தட்டில் படுகிற சத்தம் எதிர்ச் சுவர் வரை போய்த் திரும்பி வரும்.

பாதி நாட்கள் ஓடிவிட்ட நிலையில் ஒரு மத்தியானம் அவரால் முடியவில்லை. ஏழாம் கட்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். ஜன்னலோர மேசையில் மூன்று பேர். நான்காவது நாற்காலி காலி. அதன் எதிரே வைத்த சூப்பில் ஆடை படிந்திருந்தது. லாம்போவின் சூப்.

அங்கே இருந்த ஒரு பருத்த மனிதர் அவரைப் பார்த்தார். காலி நாற்காலியைப் பார்த்தார்.

"என்ன அண்ணே நிக்கறீங்க? உக்காருங்க, உக்காருங்க. இந்த மனுஷன் வரவே இல்ல, சூப்பு தினமும் வீணாப் போகுது."

யானாக்கி உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த பெண் ரொட்டிக் கூடையை அவர் பக்கம் நகர்த்தினாள். ஸ்லிவெனில் எந்தத் தெரு என்று கேட்டாள். தெருப் பெயரைச் சொல்ல அவர் வாயைத் திறந்தார்.

தோன்காவின் அட்டை அவர் தோளில் விழுந்தது.

அவள் கத்தவில்லை. வருத்தத்தோடுதான் சொன்னாள். அவர் இங்கே உட்கார்ந்தால் அவருடைய கட்டு பத்தொன்பது ஆகிவிடும். பத்தொன்பது ஆனால் கலையும். கலைந்தால் இருபது பேருமே வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மற்ற பத்தொன்பது பேரின் கதியை நினைத்துப் பார்க்க வேண்டாமா? தலைவர் இப்படிச் சுயநலமாக இருக்கலாமா? தவிர, இது லாம்போவுடைய இடம். அவர் எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

யானாக்கி எழுந்தார். பருத்த மனிதர் ஏதோ சொல்ல நினைத்தார். பிறகு தன் கட்டையும் நினைத்துக்கொண்டு, குனிந்து சூப்பைக் குடித்தார்.

*

கடைசி நாளன்று இயக்குநர் பந்தலெய் குர்கொவ் காரில் வந்து இறங்கினார். எல்லாக் கட்டுகளையும் தோட்டத்தில் நிறுத்தி வைத்திருந்தார்கள். சிறந்த கட்டுக்குக் கோப்பை. கடைசிக் கட்டு என்று அறிவித்தபோது யாரும் ஆச்சரியப்படவில்லை. யானாக்கி முன்னால் வந்தார். இருபது பேருக்கென்று செய்த கோப்பை. இரண்டு கையாலும் அணைத்துப் பிடிக்க வேண்டியிருந்தது.

இயக்குநர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"இந்தக் கட்டப் பாருங்க. பத்து நாள்ல ஒரு சண்டை உண்டா? ஒரு புகார் உண்டா? ஜன்னலத் தொற, மூடுன்னு ஒரு தகராறு உண்டா? ஏன்? ஏன்னா இவங்க எல்லாரும் சமம். நெஜமான சமம். வயசு ஒண்ணு, ஒயரம் ஒண்ணு, வியாதி ஒண்ணு. இருபது வருஷமா நான் தேடிக்கிட்டு இருந்த கட்டு இதுதான். மனுஷங்கள ஒருத்தரோட ஒருத்தரக் கலந்து உக்கார வெச்சதுதான் நாம இத்தன நாளாப் பண்ண தப்பு. அதனால, அடுத்த வருஷத்துலேர்ந்து, எல்லாரையும் இதே முறையில அனுப்பப் போறோம். ஆளுக்கு ஒரு கட்டு. யாரும் மிச்சம் கிடையாது."

கைதட்டினார்கள். அடுத்த வருஷமும் இடம் உண்டு என்ற அளவில் அது அவர்களுக்குப் புரிந்திருந்தது. ஏழாம் கட்டின் பெண் மட்டும் கைதட்டாமல் பக்கத்திலிருந்த பருத்த மனிதரைத் திரும்பிப் பார்த்தாள்.

கட்டின் சார்பில் இரண்டு வார்த்தை பேசும்படி இயக்குநர் ஒலிபெருக்கியை நீட்டினார். யானாக்கி அதை வாங்கினார். எவ்வளவோ சொல்ல இருந்தது. ஆனால் பத்து நாளாகக் காலையில் ஒரே ஒரு வார்த்தையைச் சொல்லிப் பழகிய நாக்கு.

"இருக்கேன்," என்றார்.

அதற்கும் கைதட்டினார்கள்.

*

ஊருக்குத் திரும்ப, கட்டுக்கு ஒரு வேன். யானாக்கியின் கட்டை ஏற்றிக்கொண்டு கடைசி வேன் கிளம்பியது. ஓட்டுநர் ராஷ்கோவின் முன் கண்ணாடிக்கு மேலே இருபது பெயர் எழுதிய தாள் செருகியிருந்தது. வழியில் சோதனை உண்டு, தாளில் உள்ளதற்கு மேல் ஒரு தலை இருந்தாலும் லைசென்ஸ் போய்விடும் என்று ராஷ்கோ முதலிலேயே சொல்லிவிட்டான். கோப்பை பின் இருக்கையில் உருண்டுகொண்டு வந்தது. மலையடிவாரத்தில் மழை பிடித்துக்கொண்டது.

பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண்மணி நின்றிருந்தார். கையில் பை, தலையில் நனைந்த துணி. வேனைப் பார்த்துக் கையை உயர்த்தினார். ராஷ்கோ வேகத்தைக் குறைக்கவில்லை.

"நிறுத்துப்பா," என்றார் யானாக்கி.

"வண்டி ஃபுல்லு, அண்ணே. பேப்பர்ல இருபது பேரு இருக்கு."

யானாக்கி திரும்பி, வரிசை வரிசையாக இருந்த இருக்கைகளைப் பார்த்தார். அரசாங்கத் தாளில் எழுதியிருப்பதை அவர் வாழ்க்கையில் மறுத்துப் பேசியதில்லை.

"பத்தொன்பதுதான்பா. ஒருத்தன் வரல. அங்கயே தங்கிட்டான்."

"எவன் தங்குனது?"

"யானாக்கி."

ராஷ்கோ கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தான். தாளை உருவினான். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து ஒரு வரியை அடித்தான். பிரேக் போட்டு, வண்டியைப் பின்னால் எடுத்துக் கதவைத் திறந்தான்.

காற்றும் மழையும் முதலில் ஏறின, அந்தப் பெண்மணி பிறகு ஏறினார். நாலரை மணி பஸ்ஸை ரத்து செய்த கடன்காரர்களை வாயாரத் திட்டிக்கொண்டே துணியைப் பிழிந்தார். பிறகு நிமிர்ந்து பார்த்தார். வேன் முழுக்கக் காலி. இரண்டு பக்கமும் ஜன்னலோர இருக்கைகள். எதில் வேண்டுமானாலும் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு வரலாம்.

அவர் பையைத் தூக்கிக்கொண்டு நடுவழியே வந்தார். யானாக்கியின் பக்கத்தில் நின்றார்.

"இங்க யாராச்சும் வர்றாங்களா?"

யானாக்கி பக்கத்து இருக்கையில் கிடந்த தன் தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.